தோல் செருப்பை ஒதுக்கினால் பாலாறு தெளியுமா?

2025 ஜனவரி 30 அன்று, வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் மாசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய அமர்வு அது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னும் தராத இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் மாநில அரசே கொடுக்க வேண்டும், பிறகு அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து பாலாற்றுப் பகுதியைத் தணிக்கை செய்யவும் உத்தரவிட்டது.

தீர்ப்பு வந்த பிறகு எங்கும் இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. "தோல் பொருளையே வாங்காதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பது ஒன்று. "இது பெரிய இடத்து விவகாரம், நாம் என்ன செய்ய முடியும்" என்பது மற்றொன்று. கடையில் நாம் எடுக்கும் முடிவுக்கு வலு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த ஆலை, எந்த அதிகாரி, எந்தத் தேதி என்ற விவரம் கையில் இல்லாமல் எடுக்கும் முடிவு யாரையும் அசைப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

தோலிலிருந்து கிணற்றுக்கு

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் ஆலைக்கு அனுப்புவார்கள். ஆலையில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்து முடி நீக்குவார்கள். பிறகுதான் பதனிடுதல். பழைய முறையில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. இன்று பெரும்பாலும் குரோமியம் உப்புதான். குரோம் ஏறிய தோல் ஈரத்தோடு நீல நிறத்தில் வரும், அதனால் தொழிலில் அதற்கு 'வெட் ப்ளூ' என்று பெயர்.

இந்த மாற்றம் தானாக நடந்ததல்ல. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதால் லாபம் அங்கேயே போகிறது, முழுமையாகத் தயாரான தோலாக அனுப்ப வேண்டும் என்று 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு முடிவெடுத்து ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்நியச் செலாவணிக்கும் வேலைவாய்ப்புக்கும் அது நல்ல முடிவுதான். ஆனால் அதிக ரசாயனமும் அதிகத் தண்ணீரும் கேட்கும் வேலை மழை குறைந்த வட ஆற்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அந்தக் கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்கு அப்போது யாரும் விடை எழுதி வைக்கவில்லை. பாலாற்று விவகாரத்தில் அரசியல் முடிவின் பங்கைப் பேசாமல் ஆலைக்காரர்களை மட்டும் பேசுவது பாதிக் கதை.

உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பில் வரும் கணக்கு இது: 1 கிலோ தயாரான தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பையும் அதே தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது.

குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உப்பைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. குரோமியத்தைக் கழிவிலிருந்து பிரித்து மறுபடி பயன்படுத்த வழி உண்டு. உப்பு அப்படிப் போகாது. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணல்தான், தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது. ஆற்றிலும் ஓடையிலும் விட்ட உப்பு நீர் அடித்துப் போகாமல் கீழே இறங்கிக் கிணற்றில் தேங்கியது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் டிடிஎஸ் என்கிறோம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதையும் தாண்டிய கிணற்று நீரை மாட்டுக்குக் காட்டினால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நெல்லும் காய்கறியும் போட்ட பல நிலங்கள் உப்பைத் தாங்கும் தென்னைக்கு மாறியது இதனால்தான்.

பிற்பாடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற 'பூஜ்ய வெளியேற்ற' முறையும் வந்தது. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடைசியில் பல உப்புகள் கலந்த ஒரு திடக்கழிவு மிஞ்சும். அதை வாங்க ஆள் கிடையாது. நிலையத்துக்குள்ளேயே மூட்டை மூட்டையாக அடுக்குகிறார்கள்.

1996 முதல் 2025 வரை: ஒரு வழக்கின் கணக்கு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பை இன்று நாட்டின் எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் 'வேலூர் வழக்கு' என்று படிக்கிறார்கள். அதில் மூன்று கோட்பாடுகள் நாட்டின் சட்டமாகவே ஏற்கப்பட்டன.

1. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குத் தரும் இழப்பீடு மட்டுமல்ல, கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் அவருடையது.

2. முன்னெச்சரிக்கை. ஆபத்து முழுதாக நிரூபணமாகும் வரை கைகட்டி நிற்கக் கூடாது, முன்பே தடுக்க வேண்டும்.

3. நிரூபிக்கும் பொறுப்பு ஆலையுடையது. 'என் தொழிலால் தீங்கு இல்லை' என்று அவர்தான் காட்ட வேண்டும். கிணறு கெட்ட விவசாயி ஆய்வகம் ஆய்வகமாக ஏறி இறங்க வேண்டியதில்லை.

ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்து, இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் நீதிமன்றம் சொன்னது. அந்த ஆணையம் 2001 மார்ச் 7 அன்று தன் முடிவை வெளியிட்டது: பாதிக்கப்பட்டோர் 29,193, செலுத்த வேண்டிய ஆலைகள் 547, மொத்தத் தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். கணக்கில் எடுத்த காலம் 1991 முதல் 1998 வரை.

இதை வகுத்துப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 9,200 ரூபாய். ஏழு ஆண்டுக்கும் மேற்பட்ட இழப்புக்கு இது. ஆண்டுக்கு 1,300 ரூபாய்கூட வரவில்லை. மறுபக்கம், ஓர் ஆலையின் பங்கு சராசரியாக 5 லட்சத்துக்கும் கீழே. இந்தத் தொகையும் ஒழுங்காகக் கைக்கு வராமல், 2025-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி 'ஆறு வாரத்துக்குள்' என்று காலம் குறிக்க வேண்டியிருந்தது. மனு போட்டபோது நிலத்தில் நின்றவர்களில் பலருடைய பேரப்பிள்ளைகள் இன்று வாக்காளர்கள்.

இன்னொரு செலவு இந்த 26.82 கோடியில் சேரவே இல்லை. உள்ளூர்த் தண்ணீர் கெட்டுப்போன ஊர்களுக்கு இன்று மேட்டூரிலிருந்து குழாய் வழியாகக் காவிரி நீர் வருகிறது. அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரிப்பணத்தில் கட்டியது. கோட்பாட்டில் மாசுபடுத்தியவர் செலுத்துகிறார், நடைமுறையில் ஊரார் செலுத்துகிறார்கள். 2025 தீர்ப்பு மாநில அரசை முதலில் பணம் தரச் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் கண்காணிக்கத் தவறியது அரசு. ஆனால் 'பிறகு வசூலிக்க வேண்டும்' என்ற இரண்டாம் பாதி நடக்காவிட்டால், அபராதம் கட்டியவர்கள் மறுபடியும் நாமாகத்தான் இருப்போம். செய்தித்தாளில் தேட வேண்டியது அந்த இரண்டாம் பாதியைத்தான்.

தீர்ப்பில் வரும் 'தொடர் கண்காணிப்பு ஆணை' என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கமாகத் தீர்ப்புச் சொன்னதும் நீதிமன்றம் கோப்பை மூடிவிடும். இதில் மூடுவதில்லை. உத்தரவு நிறைவேறுகிறதா என்று இடையிடையே அறிக்கை கேட்டுக்கொண்டே இருக்கும்.

கடையில் எடுக்கும் முடிவு எங்கே அறுந்துபோகிறது

ஒரு ஏற்றுமதி ஷூவின் நாக்குப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பிராண்டின் பெயர், அளவு, 'மேட் இன் இந்தியா', கூடவே விரித்த தோலின் வடிவத்தில் ஒரு சின்னக் குறி. ஐரோப்பிய விதிப்படி மேல்பகுதி, உள்துணி, அடிப்பகுதி ஒவ்வொன்றும் எந்தப் பொருளால் ஆனது என்று சொல்லும் குறி அது. விரித்த தோல் வடிவம் இருந்தால் தோல். அந்தத் தோல் எந்த ஊரில் பதனிடப்பட்டது, அதன் கழிவு எந்த நிலையத்துக்குப் போனது என்பதற்கு லேபிளில் இடமே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே 1 முதல் இன்னொரு விதியும் உண்டு. உடம்பில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிற குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறக் குரோமியம், அது மாறி உருவாகும் ஆறு இணைதிற வகைதான் கொடிய நச்சு. அணிபவரின் பாதத்தைக் காக்கும் நல்ல விதி. ஆனால் ஷூவில் 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், அந்த ஷூவுக்கான தோல் பதனிட்ட ஊரில் என்ன இருந்தாலும் அது கேட்காது. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களில் மூடியபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் விட்டுவிட்டுப் போனது. தோல் ஆலைகளுக்கு வேண்டிய குரோம் ரசாயனம் செய்த ஆலை அது. உலகின் மிக மோசமாக மாசுபட்ட இடங்கள் என்று 2006-ல் ஓர் அமெரிக்க அமைப்பு வெளியிட்ட பத்து ஊர்ப் பட்டியலில் ராணிப்பேட்டை இடம் பிடித்ததற்கு அந்த மேடு முக்கியக் காரணம். எந்த ஷூவின் லேபிளிலும் அந்த மேடு வராது.

வாங்குபவருக்கும் பாலாற்றுக்கும் நடுவே எத்தனை கை இருக்கிறது என்று எண்ணலாம்:

1. பிராண்ட். விளம்பரமும் பெயரும் இதனுடையவை. பெரும்பாலும் சொந்த ஆலை இருக்காது.

2. ஷூ கம்பெனி. ஆர்டர் எடுத்துத் தைத்துத் தருவது. காலையில் மாதனூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி வண்டிகள் இங்கேதான் போகின்றன.

3. வீட்டில் தைக்கும் பெண்கள். ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைப்பதை ஜோடிக் கணக்கில் வெளியே கொடுப்பார்கள். சம்பளப் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்காது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது.

4. டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை. சில, ஷூ கம்பெனியின் சொந்த ஆலை. பல, யார் தோல் கொடுத்தாலும் கூலிக்குப் பதனிட்டுத் தரும் ஜாப் ஒர்க் ஆலை.

5. பொதுச் சுத்திகரிப்பு நிலையம். பல ஆலைகள் பங்குபோட்டு நடத்துவது. எல்லோருடைய கழிவும் ஒரே தொட்டியில் கலக்கும். தவறு நடந்தால் யாருடையது என்று சொல்ல முடியாத இடம் இதுதான்.

ஐந்தாவதை எளிதில் கடந்துவிடக் கூடாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் இப்படியொரு பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்பதையே பொறுப்பான தொழிலுக்குச் சான்றாக வாங்குபவரிடம் காட்டுவது வழக்கம். அந்தச் சான்றின் சுவர்தான் உடைந்து ஆட்களைக் கொன்றது.

இந்தச் சங்கிலியில் 'தோலே வேண்டாம்' என்று முதல் கண்ணியில் ஒருவர் கையை எடுத்தால் என்ன நடக்கும்? ஆர்டர் குறையும். முதலில் வேலை போவது மூன்றாம் இடத்தில் உள்ள பெண்களுக்கு, அடுத்து கம்பெனி வண்டியில் போகிறவர்களுக்கு. நிலத்தில் ஏற்கெனவே இறங்கிய உப்பும் ராணிப்பேட்டை மேடும் இருந்த இடத்திலேயே இருக்கும். மூடிய ஆலையிடம் இழப்பீடு வசூலிப்பதைவிட ஓடும் ஆலையிடம் வசூலிப்பது எளிது என்பதும் மறக்கக் கூடாத உண்மை. தோலுக்குப் பதில் 'வீகன் லெதர்' என்று விற்பதில் பெரும்பகுதி பிளாஸ்டிக், அதை எரித்தாலும் புதைத்தாலும் வேறோர் ஊருக்குத் தலைவலி.

உயிரைக் கொன்று செய்த பொருள் வேண்டாம் என்று ஒருவர் தோலை விடுவது அவருடைய அறம். அதற்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பாலாறு தெளியும் என்று சேர்த்துச் சொல்லும்போதுதான் சிக்கல்.

புறக்கணிப்பு எப்போது கடிக்கும்

தமிழ்நாட்டிலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன.

ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில், 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. வேலூர் மண்டித் தெருக் கடைகள் வரை அந்தப் பேச்சு இருந்தது. மறுநாள், மார்ச் 2 அன்று, அந்தக் கம்பெனிகளின் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தருவதை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தள்ளுபடி செய்து, முன்பு போட்டிருந்த இடைக்காலத் தடையையும் நீக்கியது. கடைகளில் அவ்வளவு பெரிய அலை இருந்தும், தண்ணீர் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. எந்த உத்தரவு மாற வேண்டும், மாறினால் எப்போது விற்பனையைத் தொடங்குவோம் என்ற பேச்சே அந்த அறிவிப்பில் இல்லை.

கொடைக்கானல் வேறு மாதிரி. இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலைப் பாதரசக் கழிவு ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பது வெளியே வந்து 2001-ல் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் மருத்துவக் குறிப்புகளையும் பெயர்ப் பட்டியலையும் வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார்கள். 2015-ல் அந்தக் கோரிக்கை இணையத்தில் பெரிதாகப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. வீட்டுக்கு வீடு சோப்பும் டீத்தூளும் விற்கும் பெயர் அது. அந்தப் பெயர் கெடுவதில் கம்பெனிக்குப் பயம் இருந்தது, வழக்குக் கட்டு மேசையில் இருந்தது, கோரிக்கை எண்ணோடு இருந்தது. மூன்றும் சேர்ந்ததால்தான் அது நடந்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் பதினைந்து ஆண்டுகள் ஆனதையும் சொல்லியாக வேண்டும்.

ஜாப் ஒர்க் டேனரிக்கு வீட்டில் யாருக்கும் தெரிந்த பெயர் கிடையாது. அதனால் பாலாற்றில் நேரடிப் புறக்கணிப்பு வேலை செய்யாது. பெயர் வைத்திருப்பது பிராண்ட். அதனிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் தோல் எந்த டேனரியில் பதனிடப்படுகிறது, பட்டியலை வெளியிடுவீர்களா? சில வெளிநாட்டு பிராண்டுகள் தைக்கும் கம்பெனிகளின் பட்டியலை வெளியிடுகின்றன. டேனரி வரை இறங்குபவை குறைவு. டேனரிகளுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் தரும் லெதர் ஒர்க்கிங் குரூப் என்ற பன்னாட்டு அமைப்பும் உண்டு. அந்தத் தரம் குறிப்பிட்ட ஓர் ஆலைக்குத்தான், ஷூவுக்கல்ல. டேனரியின் பெயர் தெரியாமல் 'தங்கத் தரத் தோல்' என்று மட்டும் சொன்னால் சரிபார்க்க வழியில்லை.

'இயற்கைக்கு உகந்தது', 'பசுமைத் தயாரிப்பு' என்று ஆதாரமில்லாமல் பூசுவதைப் பசுமைப் பூச்சு என்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. அப்படிச் சொல்பவர் ஆதாரத்தை வாங்குபவர் பார்க்கும்படி வைக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் காப்பது காசு கொடுத்து வாங்கியவரை. கிணறு கெட்ட விவசாயி டேனரியின் நுகர்வோர் அல்லர், அவர் போக வேண்டிய இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

வாக்கும் ஒரு கணக்குத்தான்

அரசியல்வாதியைப் பொறுப்பாக்குவது பற்றி வேலூரைவிடக் கசப்பாகக் கற்ற தொகுதி இல்லை. 2019 ஏப்ரல் 18 அன்று நடக்க இருந்த வேலூர் மக்களவைத் தேர்தல், இரண்டு நாள் முன்னதாக ரத்தானது. சிமெண்ட் குடோனில் சாக்கிலும் அட்டைப் பெட்டியிலும் வார்டு வாரியாகச் சீட்டு ஒட்டி அடுக்கியிருந்த பணம் உட்பட சுமார் 11 கோடி ரூபாய் பிடிபட்டது. பணப் பட்டுவாடாவுக்காக நாட்டில் ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது அதுவே முதல் முறை. அதே மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் மட்டும் குறித்த நாளில் நடந்தன.

மறுதேர்தல் 2019 ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள். நோட்டாவுக்கு விழுந்தவை அதைவிட அதிகம், 9,000-த்துக்கும் மேல். நோட்டா 2013-ல் வந்தது. அது எவ்வளவு வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வென்றவர். எந்தப் பிரச்சினைக்காக அந்த பட்டனை அழுத்தினார்கள் என்றும் எங்கும் பதிவாவதில்லை. பாலாற்றுக்காகக் கோபப்பட்டவரும் ரேஷன் கடைக்காகக் கோபப்பட்டவரும் ஒரே எண்ணில் கரைந்துபோகிறார்கள். கோரிக்கை எழுதாத புறக்கணிப்பு கடையில் எப்படியோ, வாக்குச் சாவடியிலும் அப்படியே.

வாக்குக்குப் பணம் வாங்குவது, கொடுப்பது இரண்டும் குற்றம், ஓராண்டு வரை சிறை. இருந்தும் வாங்குபவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. தண்ணீருக்கும் நிலத்துக்கும் முப்பது ஆண்டாக இழப்பீடு வராத ஊரில், உறுதியாகக் கைக்கு வரும் ஒரே அரசியல் பலன் அந்தக் கவர்தான் என்று ஒருவர் நினைப்பது ஏன் என்று புரிகிறது. அந்த நினைப்பை மாற்றுவது அறிவுரையால் ஆகாது, கேட்டது கிடைப்பதால்தான் ஆகும்.

கம்பெனிக்கும் கட்சிக்கும் நடுவே ஓடும் பணம் தனி. முன்பு ஒரு கம்பெனி முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குத் தரலாம். 2017-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், பெயர் தெரியாமல் தர தேர்தல் பத்திரமும் வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இரண்டையும் செல்லாது என்றது. வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் அடித்தளம்.

எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது

முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒவ்வோர் ஆலைக்கும் 'இயக்க இசைவாணை' என்று ஒன்று உண்டு. நாளொன்றுக்கு எவ்வளவு தோல், எவ்வளவு கழிவுநீர், அதை எங்கே அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். 'மாசு பற்றிய விவரம் தருக' என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதிலே வரும். இப்படி எழுத வேண்டும்:

1. இன்ன பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கடந்த 12 மாதங்களில் எடுத்த நீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்கள்.

2. அதே நிலையத்தில் இருப்பில் உள்ள கலப்பு உப்பு, கசடு எத்தனை டன், எந்தத் தேதி நிலவரப்படி.

3. இன்ன கிராமத்தில் இழப்பீடு பெறத் தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர், தொகை கொடுத்தது எத்தனை பேருக்கு. இதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

4. அந்தத் தொகையில் ஆலைகளிடமிருந்து வசூலானது எவ்வளவு, நிலுவை எவ்வளவு.

பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

அடுத்து பிராண்ட். ஆம்பூர் பைபாஸ் ஓரக் கடையிலோ சென்னை மாலிலோ ஷூ வாங்கினால், பெட்டியில் வாடிக்கையாளர் தொடர்பு எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும். டேனரியின் பெயரை எழுத்தில் கேளுங்கள். பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் சுற்றுச்சூழல், தொழிலாளர் விவரங்களை ஆண்டறிக்கையோடு வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதி. நம் டேனரிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதால், அவற்றிடமிருந்து வாங்குபவர்களைக் கேட்பதுதான் வழி.

கடைசியாக வேட்பாளர். வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்குகளோடு பங்கு முதலீடுகளும் தொழிலும் வருமான வழியும் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். தோல் ஆலையிலோ அதற்கு ரசாயனம் விற்கும் கம்பெனியிலோ பங்கு இருப்பது குற்றமில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் தோல் தொழிலைத் தொடாத குடும்பம் குறைவு. பங்கு இருப்பவர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிப் பேசும்போது கேட்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் தெருவுக்கு வரும்போது தகவல் உரிமையில் வந்த பதிலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்: நம் ஊரில் இத்தனை பேருக்கு இழப்பீடு பாக்கி, ஆலைகளிடம் இவ்வளவு வசூலாகவில்லை, ராணிப்பேட்டைக் குரோமிய மேட்டை அள்ளும் செலவை யார் தலையில் எழுதப்போகிறீர்கள், எந்த நிதியாண்டில்?